ரோண்டா கட்டிய மட்டை

வெல்டன் கல்லூரியில் ரோண்டா பிலார்ஸ்கிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். சட்டை துவைப்பவள் என்பார்கள், தலைக்கவசத்துக்குத் திருகு மாட்டுபவள் என்பார்கள். வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் லக்ரோஸ் பையன்களைக் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான்: "ரோ கட்டலேன்னா நாங்க வெறும் குச்சியத் தூக்கிட்டு ஓடணும்."

அவள் அந்த ஊர்க்காரி. அப்பா தக்காளியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இருந்தார். அவளும் அங்கேதான் பதினெட்டு வயதில் போனாள். தொழிற்சாலை மூடியதும் கல்லூரியில் துணி துவைக்க ஆள் தேவை என்று கேட்டு வந்தவள், இருபது வருஷமாகத் திரும்பிப் போகவில்லை. லக்ரோஸ் ஒரு நாள்கூட ஆடியதில்லை. வந்த முதல் வருஷம், கிழிந்துபோன ஒரு மட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய், அதன் தலையில் இருந்த வலையை முடிச்சு முடிச்சாகப் பிரித்தாள், திரும்பக் கட்டினாள், மறுபடி பிரித்தாள். ஒரு மாதம் இதே பைத்தியம். கணவர் ஸ்டான், "ராத்திரி சோறு கிடைக்குமா, இல்ல நூல்தானா?" என்று கேட்டாராம். இன்று நாற்பது மட்டைகளும் அவள் கைப்பட்டவை. எந்தப் பையனுக்கு வலைப்பை மேலே இருக்க வேண்டும், யாருக்கு நடுவில், யாருக்கு வலையின் குறுக்கே எத்தனை நாடா என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவளுடைய அறையில் ஒரு நீண்ட மேசை உண்டு. முன்வரிசை ஆட்டக்காரன் கேலப் ஓஸ்ட்ராண்டர் முதல் மூன்று வருஷமும் அந்த மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, உப்புப் பிரெட்சல் பிஸ்கட்டைக் கொறித்துத் துணுக்குகளை அவளுடைய காகிதங்கள் மேலெல்லாம் சிந்துவான். "இறங்குடா கழுதை" என்பாள். இறங்க மாட்டான். போன வருஷம் மே மாதத்துக்குப் பிறகு அவன் உட்காரவில்லை. வாசலிலேயே நின்று மட்டையை நீட்டுவான், வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

நடந்தது இதுதான். "ரோ, பை கொஞ்சம் ஆழமா இருந்தா பந்து நல்லா ஒட்டும், ஒரே ஒரு நூல் எறக்குங்க" என்று கெஞ்சினான். அவள் இறக்கினாள். பந்தை வைத்துப் பார்த்தாள். விதிப்படி பந்தின் தலை பக்கச் சட்டத்துக்குக் கீழே முங்கக் கூடாது. அன்று காலை முங்கவில்லை, தலை மயிரிழை தெரிந்தது. அது தாங்காது என்று அவளுடைய விரலுக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தாள். மாலையில் தூறல். வலை நனைந்து தொய்ந்தது. கேலப் கோல் போட்டான், நடுவர் மட்டையை வாங்கிப் பந்தை வைத்தார், பந்து முங்கியது. கோல் செல்லாது, ஆஷ்போர்ட் கல்லூரியிடம் ஆட்டம் போயிற்று. உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் டாம் ஹெல்விக் எல்லார் முன்னாலும் கேட்டார்: "நூலத் தளர்த்தினியா?" கேலப் ஒரு விநாடி ரோண்டாவைப் பார்த்தான். அவள் குனிந்து துண்டு மடித்தாள். "ஆமா கோச்," என்றான் அவன்.

அதன்பின் அந்த வட்டாரத்தில் எந்த மைதானத்துக்குப் போனாலும் அவனுக்கு ஒரே வரவேற்புதான்: "பையக் காட்டுடா, ஓஸ்ட்ராண்டர்!"

இந்த வருஷக் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், அதே ஆஷ்போர்ட் கல்லூரியோடு. ஜெயித்தால் போட்டித் தொடருக்குப் போகலாம், தோற்றால் கடைசி வருஷம் படிக்கும் கேலப்புக்கு இதுதான் கடைசி ஆட்டம். மதியமே தூறல் பிடித்துக்கொண்டது. பெற்றோர்கள் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டிக்கொண்டு, வெண்ணெயில் மிதக்கும் உப்பு உருளைக்கிழங்கைத் தின்றார்கள். எதிரணி மாணவர்கள் ஒரு பக்கம் முழுக்க நின்று, கேலப் பந்தைத் தொட்டபோதெல்லாம் கத்தினார்கள்.

ரோண்டா இந்தத் தடவை அவனுடைய மட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டாள். முதல் பாதியில் மூன்று முறை பந்து அவன் பையிலிருந்து துள்ளி வெளியே விழுந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது 9-4, ஆஷ்போர்ட் பக்கம்.

இடைவேளையில் அவன் மைதான ஓரத்தில் ரோண்டா நின்றிருந்த கூடாரத்துக்கு வந்து மட்டையை நீட்டினான். "இதுல பந்து நிக்கவே மாட்டேங்குது."

"தெரியுதுடா," என்றாள். ஈரத்தில் விரல் வழுக்கியது. அரை முடிச்சு இளக்கினாள், பந்தை வைத்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். தலை நன்றாகத் தெரிந்தது. "போ. வெளிய வர்றப்பல்லாம் என்கிட்ட காட்டிட்டுப் போ."

அதற்கப்புறம் மைதானம் தலைகீழாகிவிட்டது. ஐந்தாவது கோல், ஆறாவது. கோலி நேட் பாபினோ மார்பில் அடிவாங்கி மூன்று பந்துகளை நிறுத்தினான். அடுத்தது கேலப் போட்டான், அதற்கடுத்ததும் அவன்தான். ஆஷ்போர்ட் நடுவில் ஒன்று போட்டது, அதற்குப் பதிலாக இவர்கள் இரண்டு போட்டார்கள், அதில் ஒன்று கேலப்புடையது. ஒவ்வொரு தடவை அவன் ஓரத்துக்கு வந்தபோதும் ரோண்டா சட்டைப் பையிலிருந்த பந்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்த தடவையும் சரியாக இருந்தது, ஆனால் பந்து ஒரு நூலளவு குறைவாகத் தெரிந்தது. கடைசிப் பகுதியில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கையில் பத்துக்குப் பத்து. பந்து வெல்டன் கையில். ஹெல்விக் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். பையன்கள் ஓடி வந்தார்கள்.

ரோண்டா கேலப்பின் மட்டையை வாங்கிப் பந்தை வைத்தாள். தலை மயிரிழை தெரிந்தது. மழைக்கோட்டுக்குள் காயாமல் வைத்திருந்த மாற்று மட்டையை உருவினாள்.

"இத எடுத்துட்டுப் போ."

"வேணாம் ரோ. அதுலதான் மூணு கோல் போட்டேன். இந்தப் புதுசுல பந்து துள்ளும்."

"எடுடா."

ஹெல்விக் திரும்பினார். "ரோண்டா, என்ன இது? முப்பது விநாடிதான் இருக்கு." பழைய மட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். "பந்து தெரியுதே! அவன் அதுலயே ஆடட்டும்."

"இப்ப தெரியுது கோச். நாலு தடவ எறிஞ்சா முங்கிடும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேலப் தரையைப் பார்த்தான். இந்த இடத்தில் குனிந்து மடிக்க அவளுக்குத் துண்டு எதுவும் இல்லை.

"போன வருஷமும் காலைல இப்படித்தான் தெரிஞ்சுது. அவன் நூலத் தொடவே இல்ல. கட்டினது நான். தாங்காதுன்னு தெரிஞ்சே குடுத்தேன். அவன் என்னைக் காட்டிக்குடுக்கல, நானும் வாயத் தெறக்கல."

ஹெல்விக் கையிலிருந்த பழைய மட்டை தாழ்ந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். கேலப் கையை நீட்டிக் காய்ந்த மட்டையை வாங்கிக்கொண்டான்.

அவன் சொன்னபடியே புது மட்டை அவனைப் படுத்தி எடுத்தது. முதல் பந்தே துள்ளியது, ஈரப் புல்லிலிருந்து திரும்ப அள்ளினான். கோல் சட்டத்துக்குப் பின்பக்கம் சுற்றினான், இரண்டு பேர் அவன் கைகளில் அடித்தார்கள், மறுபடியும் பந்து விளிம்பில் தள்ளாடியது. "பையக் காட்டுடா!" என்று ஒரு பக்கம் முழுக்க இரைச்சல். பன்னிரண்டு விநாடி இருக்கையில் முன்னால் வந்து, குனிந்த உடம்போடு, பந்தைத் தரையை ஒட்டி அடித்தான். அழகான கோல் என்று யாரும் சொல்ல முடியாது. கோலியின் குதிகாலில் பட்டு உள்ளே உருண்டது.

மைதானம் வெடித்த அந்தக் கணத்திலேயே எதிரணிப் பயிற்சியாளர், "மட்டையப் பாருங்க!" என்று கத்தினார். நடுவர் கேலப்பை நோக்கிக் கையை நீட்டினார்.

கோல் போட்டவுடன் விரலால் வலையின் நாடாவை ஓர் இழு இழுப்பது இந்தப் பையன்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். பயிற்சியில் ஆயிரம் தடவை செய்தது. நடுவர் கேட்டபின் இழுத்தால், பையைச் சரிசெய்தான் என்று கோல் போய்விடும். கேலப்பின் வலது கை நாடாவை நோக்கிப் போவதை ரோண்டா பார்த்தாள்.

"கேலப்! கைய எடு!"

பாதி மைதானத்துக்குக் கேட்டது. அவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். நடுவர் குனிந்து எடுத்தார். பந்தை வைத்தார். கண்ணுக்கு நேராகத் தூக்கி, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ரோண்டா அதைக் கட்டியது நேற்று மாலை, காய்ந்த கையோடு, விளக்கு வெளிச்சத்தில். ஏதாவது முடிச்சு விட்டுப்போயிருந்தால்? நடுவர் மட்டையைச் சாய்த்தார். பந்து ஒட்டாமல் புல்லில் விழுந்தது. அவர் கோல் செல்லும் என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

மிச்ச விநாடிகளில் ஆஷ்போர்ட் எறிந்த ஒரே பந்தும் கோல் சட்டத்துக்கு மேலே போயிற்று. 11-10. பையன்கள் குவியலாக விழுந்தார்கள், அந்தக் குவியலின் அடியில் கேலப் இருந்தான். எதிரணி மாணவர்கள் குடையை மடக்கிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்கள். பை என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.

ரோண்டா அந்தக் கூத்தில் சேரவில்லை. பழைய மட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் பின்னால் போய், சுவரில் பந்தை எறிந்து பிடித்தாள். ஆடத் தெரியாதவளுக்கு அவ்வளவு வரும். மூன்றாவது தடவை பந்தை வைத்துப் பார்த்தாள். முங்கியிருந்தது.

"நாலுன்னு சொன்னே." ஹெல்விக் பின்னால் நின்றிருந்தார்.

"மூணுதான், கோச்."

அவர் மட்டையை வாங்கி ஈர வலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். சந்தோஷமும் கோபமும் சேர்ந்த முகம். "ஒரு வருஷம் அந்தப் பையன நான் திட்டியிருக்கேன் ரோண்டா. திங்கக்கெழம காலைல என் ரூமுக்கு வா."

"வர்றேன்," என்றாள். வேலை போனாலும் போகும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நெஞ்சு லேசாகியிருந்தது.

அவள் அறைக்குத் திரும்பியபோது மேசைமேல் கேலப் உட்கார்ந்திருந்தான். சேறும் தண்ணீருமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான், திங்கட்கிழமைக்கான சலவைப் பட்டியல் அவனுக்கு அடியில் நனைந்து ஊறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பிரெட்சல் பொட்டலம்.

"இறங்குன்னு சொல்ல மாட்டீங்களா ரோ?" என்றான்.

அவள் பொட்டலத்துக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள்.