மூன்றாவது செல்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. நான் அறிவியல் சொல்லித்தரும் கன்னட வழி அரசுப் பள்ளி பங்காரப்பேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். இரண்டாவது பஸ் வருமா வராதா என்பது நிறுத்தத்தில் போய் நின்றால்தான் தெரியும். அதனால் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம். என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை மங்கல். ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து தனக்குச் சரியாகத் தெரியாத லாரிகளைப் பற்றி எச்சரிப்பது அவர்.

போன வருடம் அந்தக் காரின் பேட்டரி ஓய்ந்துபோய், ராபர்ட்சன்பேட்டையில் புதிது வாங்கிப் போட்டோம். மூன்று வருட வாரண்டி. அதற்குள் தானாகக் கெட்டுப்போனால் இலவசமாக வேறு பேட்டரி தருவார்கள் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். ஒரு வருடம் நன்றாக ஓடியது.

மார்கழிக் குளிரில் ஒருநாள் காலை சாவியைத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். இன்னொரு முறை திருகினேன். அந்தச் சத்தமும் வரவில்லை. எங்கள் லைன் வீடுகளில் வேலைக்குப் போகிற ஆண்கள் எல்லாம் பெங்களூர் ரயிலுக்கு விடியும் முன்பே போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது மஃப்ளர் சுற்றிய பென்ஷன்காரர்கள்தான். வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூன்று பேருமாகக் காரின் பின்னால் போய் நின்றார்கள்.

"கிளட்ச்ச அமுக்கிக்கினு செகண்ட் கியர்ல போட்டு வை. வண்டி இறக்கத்துல வேகம் புடிச்சதும் காலை டக்குனு எடு" என்றார்.

நான் இதற்கு முன்பு இப்படிச் செய்ததே இல்லை. அவர்கள் தள்ள, வண்டி மெல்ல உருண்டு இறக்கத்தில் வேகம் எடுத்தது. காலை எடுத்தேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பேரும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று நான் நிறுத்தவே இல்லை. தலைமையாசிரியருக்குத் தாமதம் என்று சொல்லக்கூட முடியாமல் நேராக ராபர்ட்சன்பேட்டை கடை வாசலில் போய் நின்றேன்.

பேட்டரிக் கடைக்காரர் அப்போதுதான் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர். அவர் வீட்டில் எல்லோருமே கடைத்தெருவில் ஏதோ ஒரு வியாபாரம் செய்கிறவர்கள். மீட்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்தமா இறங்கிப் போய் கீது டீச்சரம்மா. நைட்டு லைட்டு கிட்டு ஆஃப் பண்ணாம வுட்டுட்டீங்களா?"

"இல்லைங்க. ஓட்டிட்டு வந்து பூட்டினதும் நான் சுத்திப் பார்த்துட்டுத்தான் போவேன்."

"சார்ஜ் போட்டுப் பாப்போம். அதுவரைக்கும் கடை பேட்டரி ஒன்னு மாட்டிக்குனு போங்க."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். சார்ஜ் ஏறிவிட்டது, நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் பேட்டரியை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை மறுபடி அதே 'டக்'. மறுபடி அந்த மூன்று பேர், மறுபடி அந்த இறக்கம். இந்த முறை எனக்குக் கை பழகியிருந்தது. ஆனால் கடை வாசலில் போய் நின்றபோது கோபமாக இருந்தது.

"கம்பெனி எஞ்சினியர் வாரத்துக்கு ஒருதபா வருவாரு. அவரு பாத்து எழுதினாத்தான் நான் புதுசு குடுக்க முடியும்" என்றார் கடைக்காரர். மறுபடி கடை பேட்டரியை மாட்டி அனுப்பினார்.

எஞ்சினியர் வந்த அன்று எனக்குப் பள்ளியில் தேர்வு மேற்பார்வை. போக முடியவில்லை. மாலையில் போனில் கடைக்காரரின் குரல் கொஞ்சம் தயங்கியே வந்தது.

"ரிஜெக்ட் பண்ட்டாரு டீச்சரம்மா. லைட்டோ பாட்டோ ஓடவுட்டு கஸ்டமரே பேட்டரிய காலி பண்ணிக்கீறாங்க, இது கம்பெனி தப்பு இல்லன்னு எழுதிட்டாரு. நான் ஒன்னு பண்றேன். பழசை எடுத்துக்குனு புதுசுக்கு நல்லா கொறைச்சிக் குடுக்கறேன்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு அந்த யோசனை உடனே பிடித்துவிட்டது.

"வாங்கிடலாம். இதுக்குப் போய் இன்னாத்துக்கு அவங்ககிட்ட நின்னுக்கினு."

அவர் அப்படித்தான். மைன்ஸில் பூமிக்கடியில் ஷிப்ட் பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது, கையெழுத்துப் போடு என்ற இடத்தில் போட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்தவர். அதன்பிறகு ரேஷன் கடையிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, ஒருவர் 'இல்லை' என்று சொன்னால் அவருக்கு அது முடிந்த விஷயம். அவரோடு வாழ்ந்த இத்தனை வருடங்களில் இந்தக் குணத்தோடு நான் அதிகம் மோதியதில்லை. ஆனால் இந்த முறை என் மேலேயே பழி விழுந்திருந்தது. லைட்டை அணைக்காமல் போனவள் என்று யாரோ ஒருவர் என்னைப் பார்க்காமலே எழுதிவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பேட்டரியின் மேற்புறம் நினைவுக்கு வந்தது. வரிசையாக ஆறு மூடிகள். ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் தனித்தனியாக ஒரு செல். ஆறும் தொடராக இணைக்கப்பட்டவை. வருடா வருடம் பத்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வரைகிற படம்தான் அது. தொடர் இணைப்பில் எல்லாச் செல்களிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும். நான் லைட்டை அணைக்காமல் விட்டிருந்தால் ஆறு செல்லும் ஒரே மாதிரி இறங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி மற்றவை நன்றாக இருந்தால், அதற்கு லைட் காரணமாக இருக்க முடியாது. அந்த ஒரு செல்லில்தான் கோளாறு.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, ஒவ்வொரு செல்லையும் தனியா டெஸ்ட் பண்ணாரா அவரு?"

"அவரு அவசரத்துல இருந்தாரு. மீட்டர் வெச்சுப் பாத்தாரு, எழுதினாரு, பூட்டாரு."

"அப்படின்னா ஒரு உதவி பண்ணுங்க. பேட்டரிய முழுசா சார்ஜ் போட்டு வைங்க, கெட்ட செல் இருந்தா அது மட்டும் ஏறாது. அடுத்த தடவை அவர் வர்றப்ப நானும் வர்றேன்."

அவர் மறுக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, எஞ்சினியர் வரும் நாளில் கிளம்பினேன். வீட்டுக்காரர் கூடவே வந்தார். துணைக்கு என்று அவர் சொன்னாலும், நான் அதிகம் பேசினால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். காரை நிறுத்தியதும் எதிரே இருந்த டீக்கடை வாசலிலேயே நின்றுகொண்டார்.

எஞ்சினியர் இளைஞர், மரியாதையானவர்தான். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே பேசினார்.

"மேடம், உங்க கேஸ் சிஸ்டம்ல க்ளோஸ் ஆயிடுச்சு. டீப் டிஸ்சார்ஜ், சுத்தமா காலியாகிற வரைக்கும் ஓடவிட்டது. நாங்க எதுவும் பண்ண முடியாது."

"சிஸ்டம்ல இருக்கறத அப்புறம் பாக்கலாம் தம்பி. பேட்டரி இதோ இருக்குது. முழுசா சார்ஜ் ஆயிருக்குது. ஒவ்வொரு செல்லா என் முன்னாடி பாருங்க."

"இப்ப டைம் இல்ல மேடம். கோலார்ல ரெண்டு கடை இருக்குது. அடுத்த வாரம் பாக்கறேன்."

நான் அடுத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் எப்போது தெருவைத் தாண்டி வந்தார் என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கடை வாசலின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"பரவால்ல சார்" என்றார். "நீங்க கோலார் போய்ட்டு வாங்க. நாங்க இங்கியே உக்காந்துக்கினு இருக்கோம். சாயந்திரம் வந்து பாருங்க. சாயந்திரமும் முடியலன்னா நாளைக்கு வாங்க. எனக்கு வேற வேலை இல்ல."

குரலை உயர்த்தவில்லை. யாரையும் முறைக்கவும் இல்லை. டீயைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார், அதை ஆற அமரக் குடித்தார். அந்த மனிதர் யாரிடமும் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எஞ்சினியர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைச் சட்டைப் பையில் போட்டார். "ஹைட்ரோமீட்டர் இருக்குதா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குழாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. செல்லில் இருக்கும் அமிலத்தை உறிஞ்சினால் மிதவை எழும்பும். பச்சைக் கோடு வரை எழும்பினால் செல் நன்றாக இருக்கிறது. சிவப்பிலேயே தங்கிவிட்டால் இல்லை. நான் அதைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

எஞ்சினியர் ஆறு மூடிகளையும் திறந்தார். முதல் செல், பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவதில் குமிழை அழுத்தி விட்டதும் அமிலம் ஏறியது, மிதவை எழும்பவே இல்லை. சிவப்புக்கும் கீழே அடியில் படுத்துக்கிடந்தது. அவர் அதை வடித்துவிட்டு மறுபடி உறிஞ்சினார். அப்போதும் அப்படித்தான். நான்காவது, பச்சை. ஐந்தாவது, ஆறாவது, பச்சை.

அவர் பேட்டரிக்குப் பளு கொடுத்துப் பார்க்கும் ஒரு லோடு டெஸ்டரை மாட்டினார். மூன்றாவது துளையிலிருந்து மட்டும் நுரைத்துக்கொண்டு குமிழிகள் கிளம்பின.

பள்ளிக்கூடத்தில் வாய்க்கு வருகிற மொழியிலேயே கேட்டேன். "லைட் பிட்டித்ரெ ஆறூ ஒந்தே தர இளியபேக்கல்வா?" லைட்டை விட்டிருந்தால் ஆறும் ஒரே மாதிரி இறங்கியிருக்க வேண்டாமா என்றுதான் கேட்டேன்.

அவர் கன்னடத்திலேயே "ஹௌது மேடம்" என்றார். ஆமாம் என்று. பிறகு மடிக்கணினியைத் திறந்தார். கடைக்காரர் பக்கம் திரும்பி, "ஒரு செல் டெட். ஃப்ரீ ரீப்ளேஸ்மென்ட் குடுத்துடுங்க. நான் கேஸை ரீஓப்பன் பண்றேன்" என்றார். என்னிடம், "சாரி மேடம், அன்னைக்கே செல் செல்லா பாத்திருக்கணும்" என்றார். அந்த மன்னிப்பு எனக்கு அந்தப் பேட்டரியைவிடப் பெரிதாக இருந்தது.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார் கடைக்காரர்.

எல்லாம் முடிந்தது என்று நான் கைப்பையை எடுத்தேன். வீட்டுக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடை மூலையை நோக்கிக் கையைக் காட்டினார். சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட பேட்டரிகள் அங்கே கிடந்தன.

"அதெல்லாம் இன்னா சார்?"

"அது... ரிஜெக்ட் ஆனது" என்றார் கடைக்காரர்.

"அதையும் இதே மாதிரி பாத்துடுங்களேன். குழாய் வெளியதானே இருக்குது."

எஞ்சினியர் சிரித்துவிட்டார். இந்த முறை அவசரம் எதுவும் சொல்லவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் ஆறு செல்லும் ஒரே மாதிரி இறங்கியிருந்தன. அவை உண்மையிலேயே வண்டிக்காரர்களின் கவனக்குறைவுதான். ஆனால் ஒன்றில் கடைசி செல் மட்டும் செத்துக்கிடந்தது. அது ஆண்டர்சன்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போகிறவருடையது. கடைக்காரர் அவரைப் போனில் கூப்பிட்டார்.

எங்கள் காருக்குப் புதுப் பேட்டரியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் யாருடைய பைக்கின் பின்னாலோ உட்கார்ந்து வந்து இறங்கினார். பேட்டரியைப் பார்த்தார், கடைக்காரர் சொன்னதைக் கேட்டார், நம்பமுடியாமல் மறுபடி கேட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேனே, லைட்ட வுடலன்னு. யாரும் கேக்கலியே. இப்ப யாரு பாக்கச் சொன்னது?"

"இவங்கதான்" என்று வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். "டீச்சர்."

"நான் இல்ல. அந்த மூலையைக் காட்டினது இவர்தான்" என்றேன்.

வேன்காரர் இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டார். வீட்டுக்காரர் கூச்சப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கவனித்துவிட்டேன்.

சாவியைத் திருகினேன். தொட்டதும் கிளம்பியது. கடைக்காரர் புது வாரண்டி கார்டில் முத்திரை குத்தி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. லீவு மிச்சம் இருந்தது. வெயில் நன்றாக ஏறி, குளிர் விலகியிருந்தது.

"வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"பேத்தமங்கலம் ஏரி வரைக்கும் வுடு" என்றார். "இந்த வருசம் தண்ணி நெறைய கீதாம். மீன் வறுத்துக் குடுப்பாங்க. சாப்ட்டு வரலாம்."

போகிற வழியெல்லாம் எனக்கே கதை சொல்லிக்கொண்டு வந்தார். நான் என்ன கேட்டேன், எஞ்சினியர் என்ன சொன்னார், மிதவை எப்படி அடியில் போய்ப் படுத்தது என்று. நான் பக்கத்திலேயே நின்றதை மறந்துவிட்டவர்போலச் சொன்னார். நாற்காலி இழுத்துப் போட்டதை மட்டும் சொல்லாமல் விட்டார். அதை நான் சொன்னேன்.