முத்தெழுத்தின் ஒரே டீலர்

காலை பத்து மணிக்குத் தர்மராஜ் திருச்சிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய டைப்பிங் கடையில் இது தினமும் நடப்பதுதான். "புது வெர்ஷன் எந்த அளவுல இருக்குங்க?" என்று கேட்கிறார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க, தைக்குள்ள வந்துரும்" என்று தானாகவே முடித்துக்கொள்கிறார். எந்த வருஷத்துத் தை என்று மட்டும் அவர் கேட்பதில்லை.

திருச்சிக் கம்பெனி ஒன்று தயாரிக்கும் 'முத்தெழுத்து' என்ற தமிழ் டைப்பிங் சாப்ட்வேருக்கு இந்த மாவட்டத்தில் இவர்தான் ஒரே டீலர். எட்டு வருஷத்துக்கு முன்னால், 1997இல், அச்சகங்கள் எல்லாம் இவரிடம் வரிசையில் நின்றன. பிறகு அமெரிக்காவின் பெரிய கம்பெனி, கம்ப்யூட்டரிலேயே தமிழையும் சேர்த்து இனாமாகக் கொடுத்துவிட்டது. அதோடு முத்தெழுத்தின் கதை முடிந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தர்மராஜைத் தவிர.

"வெள்ளைக்காரனுக்குத் தமிழப் பத்தி என்னாங்க தெரியும்? ரெண்டு வருசம் பாப்பான். சுருட்டிக்கிட்டுப் போயிருவான்" என்பார். உலகத்தையே வளைத்துப் போட்டவன் பெரம்பலூரில் தோற்று ஓடுவானாம். திருச்சிக் கம்பெனியில் பன்னிரண்டு பேர் மூன்று பேராகக் குறைந்தபோது, "ஊளைச்சதையக் கொறைச்சிட்டாங்க, இனிமேதான் ஓட்டமே" என்றார். ஆபீஸைக் காலி செய்துவிட்டு முதலாளி வீட்டு மாடிக்குப் போனபோது, "வாடகை மிச்சம் பாருங்க" என்றார். மூச்சு நின்றவனைப் பார்த்து நல்ல தூக்கம் என்று சொல்லும் வைத்தியர் இவர்.

வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். லப்பைக்குடிக்காட்டு அப்துல் ஜப்பார் பாய் மகளுக்கு நிக்காஹ் பத்திரிகை அடிக்க வந்தார். அந்த ஊரில் ஆண்கள் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அதனால் பத்திரிகை முதலில் துபாய்க்கு மெயிலில் போகும். பெயர்கள், பட்டங்கள், வரிசை எல்லாம் பார்த்து அங்கிருந்து 'ஓகே' வந்த பிறகுதான் அச்சேறும். தர்மராஜ் முத்தெழுத்தில் அடித்து அனுப்பினார். முத்தெழுத்து இல்லாத கம்ப்யூட்டரில் அந்தத் தமிழ் தெரியாது. பெண்ணின் அண்ணன் துபாயில் திறந்து பார்த்தால், பக்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாக ஏதோ குறிகள்.

வேறு யாராவது என்றால் ஒரு பேக்ஸ் அனுப்பியிருப்பார்கள். இவர் முத்தெழுத்து சிடி ஒன்றைப் பொட்டலம் கட்டி, துபாய் போகும் ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். "துபாய்ல நம்ம சரக்கு கால் வைக்கிது" என்று என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிடி போய்ச் சேரப் பத்து நாள் ஆனது. சேர்ந்த பிறகுதான், பையனின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெளிச் சரக்கு எதையும் ஏற்ற விடமாட்டார்கள் என்று தெரிந்தது.

நேற்று நான் மனு ஒன்று டைப் அடிக்கப் போயிருந்தபோது பாய் நேரிலேயே வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. "தர்மராஜு, கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் கெடக்கு. இன்னிக்கி மவன் கண்ணுல தமிழ் தெரியணும். இல்லாட்டி பத்திரிகைய திருச்சியில அடிச்சுக்கிறோம். எங்க தெருவுல இன்னும் ஆறு கல்யாணம் இருக்கு, அதும் அங்கதான்" என்றார். லப்பைக்குடிக்காட்டு வேலை போனால் கடையில் மிஞ்சுவது என்னைப் போல மனு அடிக்க வருகிற நாலு பேர்தான். அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

"அது வந்து பாய், அந்த அமெரிக்காக்காரன் இன்னும் ஒரு வருசம்கூட..." என்று தர்மராஜ் ஆரம்பித்தார். கடையில் பாதி வேலையைப் பார்ப்பவர் அவர் மனைவி ஜெயசித்ரா. "நீங்க செத்த எந்திரிங்க" என்றார்.

எழுந்தார். ஜெயசித்ரா உட்கார்ந்து, பெரிய கம்பெனியின் தமிழிலேயே பத்திரிகையை அடித்துத் துபாய்க்கு அனுப்பினார். விரல்கள் எங்கும் தடுமாறவில்லை; புருஷனுக்குத் தெரியாமல் பல மாதம் பழகிய கை. அரை மணி நேரத்தில் துபாயிலிருந்து பதில் வந்தது: எல்லாம் தெரிகிறது, மாமா பெயருக்கு முன்னால் ஹாஜி சேர்க்கவும்.

திருத்திய பத்திரிகை லேசர் பிரிண்டரிலிருந்து வந்தது. தர்மராஜ் அதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எச்சில் தொட்ட விரலால் அமெரிக்காக்காரனின் எழுத்து ஒன்றை அழுத்தித் தேய்த்தார். அழியவில்லை. மறுபடியும் விரலை நனைத்தார்.