சீட்டில் இருந்த பதினேழாவது பெயர்

ரக்பி லீக் விளையாடப் போகிறேன் என்று மகள் சொன்ன நேரம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கொதிகஞ்சியைக் கையில் ஊற்றிக்கொள்ளாதது என் நல்ல காலம். இந்தப் பக்கம் பதின்மூன்று பேர், அந்தப் பக்கம் பதின்மூன்று பேர். பந்தை வைத்திருப்பவளை மற்றவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து விழுத்த வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"பல்லு உடைஞ்சா என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"அம்மா, சீரியஸ்லி? மவுத்கார்ட் போடுவினம்" என்றாள். அவள் தமிழில் பதில் சொன்னாலே ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் பருவம் முழுக்க, மேற்கு ஒக்லாந்தில் ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், மைதானத்து ஓரத்தில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். இரண்டாவது பருவத்தில் கிளப் கன்டீனில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். எப்போது காரை விட்டு இறங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. மழையில் நனைந்து, முழங்கால் சிராய்ந்து, சிரித்துக்கொண்டு வரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும் போல் இருந்திருக்கும்.

கன்டீனை நடத்தியவர் பெண்கள் குழுவின் மனேஜர், அறுபதை நெருங்கிய, நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி. அகன்ற தோள், அதைவிட அகன்ற குரல். ஒக்லாந்து மாகாணத்துக்காக முதன்முதலில் ஆடிய பெண்கள் அணியில் அவரும் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவேடுகள் பார்ப்பதுதான் என் வேலை என்று அறிந்ததும் வெங்காயக் கத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். "உன்னைத்தான் இத்தனை நாள் தேடினோம்" என்றார்.

விஷயம் இதுதான். கிளப் மண்டபத்துச் சுவரில் மரப்பலகை ஒன்று இருந்தது. மாகாண அணிக்கு ஆடிய ஆண்களின் பெயர்கள் அதில் பொன்னெழுத்தில் வரிசையாக இருந்தன. பெண்கள் முப்பது வருடத்துக்கு மேலாக ஆடியும் ஒருத்தியின் பெயரைக் கூட யாரும் எழுதி வைக்கவில்லை. பழைய ஆட்டக்காரிகள் கூடிப் பேசி, இனி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டு ஆடிய ஒவ்வொருத்திக்கும் ஓர் எண். முதலில் ஆடியவளுக்கு முதல் எண். முதல் ஆட்டத்தில் எல்லாரும் ஒரே நாளில் தொடங்கியதால் அவர்கள் மட்டும் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி. பிறகு எண்ணைத் தைத்த ஒரு தொப்பி. யார் முன், யார் பின் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

மகளின் ஆட்டம் முடிந்த சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனேன். மேற்கு ஒக்லாந்தில் நான் கால் வைக்காத தெருக்கள் எத்தனையோ அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி தன் சட்டையைக் குஷன் உறையாகத் தைத்து வைத்திருந்தாள். ஆண்கள் ஆடிக் கழித்த பழைய சட்டைகளைத்தான் முதலில் கொடுத்தார்களாம், முழங்கால் வரை தொங்குமாம். உடை மாற்ற அறை கிடையாது. வான் வண்டிக்குள் ஒருத்தி மாற்ற, மற்றவர்கள் துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். இன்னொருத்தி பிள்ளை பெற்று நாலாம் மாதம் ஆடியிருக்கிறாள். இடைவேளையில் பால் கொடுத்துவிட்டு மறுபாதிக்கு ஓடியிருக்கிறாள். இறைச்சித் தொழிற்சாலையில் காலை வேலையை முடித்துவிட்டு அதே பூட்ஸோடு வந்தவர்களும் உண்டு. எல்லாரும் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான்தான் காருக்குள் வந்து அழுதேன். நான் வெட்கப்படவில்லை, அழ வேண்டிய விஷயம்தான்.

முதல் ஆட்டத்துக்கு எழுத்தில் இருந்த ஒரே ஆதாரம், புள்ளிகள் குறித்தவரின் பள்ளிக் கொப்பி. அதில் மாற்று ஆட்டக்காரிகளையும் சேர்த்துப் பதினேழு பேர் கொண்ட சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு முதலெழுத்து, ஒரு குடும்பப் பெயர். பதினேழாவது பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறை. அது தமிழ்ப் பெயர். அதுவும் சுத்தமான ஓர் ஆம்பிளைப் பெயர்.

நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. ரக்பி ஆட்டத்தில் தமிழ் ஆம்பிளை நின்றால் அவர் வேறு யார், டொக்டர்தான். அணியோடு போன மருத்துவரின் பெயரைத் தவறுதலாகச் சீட்டில் எழுதிவிட்டார்கள் என்று தீர்மானித்தேன். பென்சிலால் ஒரு கோடு இழுத்து வெட்டினேன். பட்டியலின் அடியில், 'பதினேழாவது பெயர் அணியுடன் சென்ற ஆண் மருத்துவருடையது' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அதோடு விட்டேனா? கோயிலில் நாலு பேரிடம் பெருமை வேறு. "அந்தக் காலத்திலேயே எங்கட ஆள் ஒருத்தர் டொக்டரா நிண்டிருக்கிறார், பாருங்கோ!"

அதே ஆட்டத்தின் படம் ஒன்றும் கிடைத்தது. பதினாறு முகங்களை மனேஜர் அடையாளம் காட்டினார். ஓரத்தில் ஒரு சின்னப் பெண், கறுப்பு, தலைமுடி முகத்தை மறைத்திருந்தது. "நர்ஸ் என்று கூப்பிடுவோம். மின்னல் மாதிரி ஓடுவாள். ஒரு பருவம் ஆடினாள், பிறகு காணவில்லை. பெயர் நினைவில் இல்லை" என்றார். முகம் இல்லாத ஒரு பெயர் ஒரு பக்கம். பெயர் இல்லாத ஒரு முகம் மறுபக்கம். இரண்டும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இருபது வருடம் பதிவேடு பார்த்தவளுக்கு அது உறைக்கவில்லை.

அந்தக் குறிப்போடும் என் தொலைபேசி எண்ணோடும் பட்டியலைக் கிளப்பின் ஃபேஸ்புக்கில் போட்டோம். தொப்பிகள் தைத்து வந்தன. தொப்பி கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஆங்கிலத்தில் தொடங்கிய ஒரு பெண் குரல், நான் இரண்டு வசனம் பேசியதும் நின்றது.

"நீங்க தமிழா?"

"ஓம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே" என்றது அந்தக் குரல். "அந்த டாக்டர் நான்தாங்க. டாக்டர் இல்ல, நர்ஸு. நீங்க வெட்டுன பேரு எங்க அப்பா பேரு. மலேசியாவுல எங்களுக்குப் பின்னால அப்பா பேருதானே வரும்?"

கல்யாணம் வரை என் பெயருக்குப் பின்னால் நின்றது என் அப்பாவின் பெயர். இப்போது நிற்பது கணவரின் பெயர். ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பெண் ஒருத்திக்குத் தகப்பன் பெயரில் ஒரு கோப்பு, புருஷன் பெயரில் ஒரு கோப்பு என்று இரண்டு இருக்கும். அவற்றைச் சேர்த்து வைப்பது என் அன்றாட வேலை. இது தெரியாத இளம் கிளார்க்குகளை நான் பேசாத பேச்சில்லை. வெள்ளைக்காரர் யாராவது அந்தக் கோட்டை இழுத்திருந்தால் விளக்கம் சொல்லியிருப்பேன். இழுத்தது நான். எங்கள் பெண் ஒருத்தி அந்தச் சேற்றில் நின்றிருப்பாள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். என் சொந்த மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே சேற்றில்தான் நின்றாள்.

அடுத்த நாளே வடக்கு ஒக்லாந்தில் அவர் இருந்த கிளென்ஃபீல்டுக்குப் போனேன். மாலுக்குப் பின்னால் சின்ன வீடு. கதவைத் திறந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இன்னும் வாரத்தில் மூன்று நாள் நர்ஸ் வேலைக்குப் போகிறவர். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று வாசலிலேயே சொன்னேன். "உள்ள வாங்க முதல்ல" என்றார்.

தாதிப் பயிற்சிக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவர். விடுதி அறையில் கூட இருந்த பெண் ஒருநாள் பயிற்சிக்கு இழுத்துப் போயிருக்கிறாள். முதல் மாகாண ஆட்டத்தில் இரண்டாம் பாதியில்தான் இறக்கினார்களாம். தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஒருத்தியை மூன்று முறை காலைப் பிடித்துச் சாய்த்ததைச் சொல்லும்போது கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதை வெட்டி அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

"சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன். போன் போட்டு, என் பேரை வச்சுக்கிட்டு ஆம்பளைங்க ஆட்டம் ஆடாதன்னாரு. ரெண்டு வருஷம் பேசல. அந்த சீசனோட நிறுத்திட்டேன். பிறகு பேசுனாரு, எல்லாம் சரியாச்சு. ஆனா இதப் பத்தி சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல." என் பக்கம் திரும்பினார். "அவரு வேணாம்னு சொன்ன அதே பேரை நீங்களும் அடிச்சிட்டீங்க."

அதைக் கேட்டும் என் கோழைத்தனத்துக்கு வாய் வந்தது. அகரவரிசையில் அவருக்கு வர வேண்டியது எட்டாம் எண். அவரை அங்கே நுழைத்தால் எட்டிலிருந்து இந்த வருடம் ஆடியவள் வரை எல்லாருடைய எண்ணும் ஒன்று தள்ளும். தொப்பிகள் எல்லாம் தைத்தாயிற்று. "கடைசி எண்ணைத் தந்தால் பரவாயில்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"கடைசி நம்பர் எனக்கு வேணாம். நான் கடைசியா வரல. முத நாளே வந்தேன்." குரல் உயரவில்லை. "முடியலைன்னா விடுங்க. வந்து கை தட்டிட்டுப் போறேன். பொய்யா ஒண்ணு வேணாம்."

மனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. நீயே எழுந்து சொல்லு" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அந்த ஞாயிறு பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. தொப்பிகளை வாசலிலேயே கொடுத்திருந்தோம். பெயர் வாசிக்கும்போது போட்டுக்கொண்டு முன்னால் வர வேண்டும் என்பது ஏற்பாடு. வர முடியாதவர்களுக்காகத் தங்கையோ மகளோ வந்திருந்தார்கள். கிளென்ஃபீல்ட் அக்கா கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர் போல இருந்தார்.

நான் எழுந்து சொன்னேன். புள்ளி குறித்தவர் பிழை விடவில்லை, பிழை என்னுடையது என்றேன். நானும் தமிழ்தான், ஒரு தமிழ்ப் பெண் உங்களோடு நின்று ஆடியிருப்பாள் என்று நம்பாததால் வெட்டினேன் என்றேன். அவருடைய இடம் எட்டு, கொடுத்தால் உங்கள் எல்லாருடைய எண்ணும் மாறும் என்றும் சொல்லி முடித்தேன்.

முன்வரிசையில் ஒன்பதாம் எண்ணுக்குரிய மனேஜர் எழுந்தார். வலது கையின் சட்டையைச் சுருட்டினார். முன்கையில் பச்சை குத்தியிருந்தது. பெரிதாக, அழகாக, ஒன்பது. தோல் இன்னும் முழுதாக ஆறவில்லை. பட்டியல் வந்த வாரமே போய்க் குத்தியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யாரிடமாவது பேனா இருக்கிறதா?" என்றார். வாங்கி, ஒன்பதின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் பத்து என்று எழுதி, கையை உயர்த்திக் காட்டினார். "இடம் நிறைய இருக்கிறது. கை தடித்ததால் வந்த லாபம்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள், எட்டாம் எண் தொப்பி போட்டிருந்த சமோவாத் தீவுப் பெண்மணி எழுந்து பின்வரிசைக்கு நடந்தார். தன் தொப்பியைக் கழற்றி அக்காவின் தலையில் வைத்தார். "முட்டாள் நர்ஸ், எங்கே போனாய் இத்தனை வருஷம்?" என்று கேட்டுக்கொண்டே கட்டிப்பிடித்தார். மனேஜர் தன் ஒன்பதைக் கழற்றி அந்தச் சமோவப் பெண்மணிக்குப் போட்டார். பத்து மனேஜருக்கு வந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எண் வரிசையில் சுவரோரமாக எழுந்து நின்று, ஒவ்வொருத்தியும் தன் தொப்பியைக் கழற்றித் தனக்கு முன்னால் நின்றவளின் தலையில் வைத்தாள். ஒரு தையல் கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. போன வருடம் புற்றுநோயில் போன தன் தாயின் தொப்பியை ஒரு மகள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவளும் அதை நீட்டினாள், அடுத்ததை வாங்கி அணைத்துக்கொண்டாள். கடைசியில் இந்த வருடம் முதல் ஆட்டம் ஆடிய பத்தொன்பது வயதுப் பெண் மட்டும் வெறுந்தலையோடு நின்றாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, "எனக்குப் புதுசு வரும்" என்றாள்.

எத்தனையோ சபைகளை நான் பார்த்திருக்கிறேன். முன்வரிசைக் கதிரைக்கும் முதல் மாலைக்கும் அடிபட்டவர்களோடு நானும் அடிபட்டிருக்கிறேன். தன் எண்ணை இப்படிக் கழற்றிக் கொடுத்த பெண்களை அன்றுதான் கண்டேன். அவர்களுடைய வரலாற்றை எழுத எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது.

மகள் என் முதுகில் தட்டினாள். "வாசியுங்கோ, அம்மா. எல்லாரும் வெயிட் பண்ணினம்."

ஒன்றிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். ஏழு வரை குரல் நன்றாகத்தான் இருந்தது. எட்டில் நின்று, மூச்சை இழுத்து, ஈப்போவில் அந்த மனிதரை அவருடைய தாய் எப்படிக் கூப்பிட்டிருப்பாரோ அப்படி, ஓர் எழுத்தும் விழுங்காமல், தகப்பனின் பெயரை உரக்க வாசித்தேன்.

பின்வரிசையிலிருந்து அவருடைய மகள் எழுந்து வந்தார்.