கொடியம்மாவின் மதியச் சாப்பாடு

"கழுத்தைக் காட்டுங்கம்மா."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர், மறுபேச்சில்லாமல் கழுத்தைக் காட்டினார். தோமொயே குனிந்து முகர்ந்தாள். தோள்பையிலிருந்து ஈரத்தாள் ஒன்றை உருவி, அந்த அம்மாளின் காதுக்குப் பின்னால் இரண்டு முறை அழுத்தித் துடைத்தாள். "செண்ட்டை நாளைக்குப் போட்டுக்கலாம். இன்னிக்கு மீன் மட்டும் மணக்கட்டும்" என்றாள்.

அடுத்தது மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி. பெயர் எழுதிய சின்னத் துணிப்பைகளில் அவரவர் பொருளைப் போட்டு முடிச்சிட்டாள். அவர்கள் நின்றது ஒரு சுஷிக் கடை வாசலில். உள்ளே மேசை ஒரே நீளப் பலகை. அதில் ஒரு கீறல் விழுந்தால் கடைக்காரரான மாஸ்டர் நிஷிவாகி தன் முகத்தில் விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார். கனசாவாவின் அந்தச் சந்தில் பனி கலந்த மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது. குடைக்குள் நின்றபடி கழற்றிக் கொடுத்த எவரும் முணுமுணுக்கவில்லை. இந்த வாசலை மிதிக்க அவர்கள் இரண்டு வருடம் காத்திருந்தவர்கள்.

தோமொயேவுக்கு ஐம்பத்தேழு வயது. டோக்கியோவில் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்காக, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வசதியானவர்களை ஊர் ஊராகச் சாப்பிட அழைத்துப் போகிறாள். கோயிலும் கோட்டையும் இந்தப் பயணங்களில் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கும், சாப்பாடுதான் பயணமே. கையில் எப்போதும் ஒரு மஞ்சள் முக்கோணக் கொடி. அதைப் பார்த்து நடந்து பழகியவர்கள் அவளுக்குக் கொடியம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு எத்தனை மாதமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

வருடத்தில் இருநூறு நாள் வெளியூர். காலுக்கு அரை அளவு பெரிய செருப்புதான் வாங்குவாள், மதியத்துக்கு மேல் பாதம் வீங்கிவிடும். "ஆளை எண்ணு, மாத்திரையை எண்ணு, குடையை எண்ணு" என்று தனக்குள் முனகிக்கொண்டே நடப்பாள். பேருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்தால் மீன் வகைகளை மூச்சு விடாமல் சொல்வாள். இந்தக் கடலில் குளிர்காலத்தில் கிடைக்கும் கருந்தொண்டை மீன் பற்றி, "வாயில வச்சதும் வெண்ணெயா உருகும், கடைசியில ஒரு இனிப்பு நிக்கும்" என்பாள். கேட்பவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அவள் அதைச் சாப்பிட்டதே இல்லை. யாரோ ஒரு பயணி என்றைக்கோ சொன்னதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறாள்.

வந்தவர்கள் சாப்பிடும்போது அழைத்து வந்தவள் சாப்பிடுவதில்லை. பெரிய விடுதிகளில் ஓட்டுநர் அறையில் ஒரு தட்டு வைப்பார்கள். இந்த மாதிரிக் கடைகளில் அதுவும் கிடையாது. நிஷிவாகியின் கடையில் மொத்தமே எட்டு இருக்கைகள். எட்டுப் பேர் உள்ளே போனதும் அவள் குடைத் தாங்கிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, ரயிலடியில் வாங்கிய சோற்றுருண்டை இரண்டைப் பிரிப்பாள். இரண்டிலும் உப்பில் ஊறிய பிளம்காய்தான் இருக்கும். வேறு மாற்றிப் பார்க்கலாமே என்று கேட்டால், "வயித்துக்கு எது ஒசத்தி எது மட்டம்னு தெரியுமா? எனக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே அலுப்பா இருக்கு" என்பாள். பொய்யில்லை. அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை யாருக்குத்தான் அலுக்காது.

உள்ளே நடப்பது அவளுக்குச் சத்தத்தால் தெரியும். கத்தி பலகையைத் தொடுவது, சோற்றைக் கையில் பிடித்து இரண்டு விரலால் அழுத்தும் நேரத்து மௌனம், பிறகு யாரோ விடும் பெருமூச்சு. நிஷிவாகிக்கு ஒரு கட்டளை உண்டு. மேலே மீன் துண்டு போர்த்தி அவர் வைக்கும் சோற்றுக் கவளத்தை அந்த மூச்சிலேயே எடுத்து வாயில் போட்டுவிட வேண்டும். சென்ற வசந்தத்தில் ஒரு பெண்மணி படம் எடுத்துக்கொண்டே இருந்துவிட்டார். மாஸ்டர் கவளத்தைத் திரும்ப எடுத்துக் குப்பையில் போட்டார். போகும்போது தோமொயேவிடம், "அடுத்த தடவை ஆளைப் பார்த்துக் கூட்டிட்டு வாங்க" என்றார். முன்பின் தெரியாதவர்களை அவர் சேர்ப்பதில்லை. சேர்த்துவிட்டவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. இன்னொரு நிறுவனத்தின் ஆள் சொன்ன எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறைவாகக் கூட்டி வந்து நின்றபோது, அந்த நிறுவனத்துக்கே கதவை மூடிவிட்டார்.

தோமொயேவின் அலுவலகத்துப் புது மேலாளரும் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். கனசாவா கடைக்காகத்தான் குளிர்காலப் பயணத்துக்கு ஆள் வருகிறார்கள், அந்தக் கடை போனால் பயணம் போகும், பயணம் போனால் நாள் கூலிக்கு வரும் உங்களை நான் எங்கே வைத்துக்கொள்வது என்று. கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தாள்.

இன்றைக்குத் துணிப்பை முடிச்சிட்டபின் எண்ணினாள். ஏழு. எட்டாவது ஆள் இசோகாய் என்கிற பெரியவரின் மனைவி யசுயோ. தொயாமாவில் அக்கா வீட்டில் இருக்கிறாள், நேரே கனசாவாவுக்கு வந்து சேர்ந்துகொள்வாள் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடவில்லை. படிவத்தில் யசுயோவுக்கு நேரே, மூக்கில் ஏறும் அந்தப் பச்சை வசாபி ஆகாது என்று ஒழுங்காக எழுதியும் கொடுத்திருந்தார்.

"ஐயா, அம்மா எங்க இருக்காங்க? இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்று தோமொயே கேட்டாள்.

இசோகாய் மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே கண்ணாடி இல்லை. ஒரு சிறிய புகைப்படம் இருந்தது. கண்ணை இடுக்கிச் சிரிக்கும் ஒரு பெண்.

"வந்துட்டா" என்றார்.

தோமொயேவுக்குக் கொடியைச் சாக்கடையில் வீசிவிட்டு ரயிலேறிப் போய்விடலாம் என்று இருந்தது. அவ்வளவு கோபம். அவரை ஓரமாகக் குடைக்குள் இழுத்து, இது தெரிந்திருந்தால் ஏழு என்று சொல்லியிருப்பேனே, என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று குரலைத் தாழ்த்திப் பொரிந்தாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இருவரும் சேர்ந்து பதிவு செய்தது என்றார். சென்ற இலையுதிர் காலத்தில் அவள் போய்விட்டாள்.

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"ரத்து பண்ணுனா, அவ வரலைன்னு ஆயிடுமில்ல" என்றார் பெரியவர்.

அவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். அவர் கடலில் இருந்த நாளெல்லாம் யசுயோ வீட்டில் அவர் இடத்தில் தட்டு வைப்பாளாம். சுடச்சுடச் சோறு, சாறு, இரண்டு குச்சி. தூரம் போனவர் அங்கே பசியோடு இருக்கக்கூடாது என்று வைப்பது. "கப்பல்ல ஒருநாள்கூட எனக்குச் சோறு தவறினதில்ல. நான் வச்ச தட்டுத்தான் காரணம்னு பீத்திக்குவா" என்றார். "இப்ப அவ தூரம் போயிருக்கா. எந்தங்கச்சி மாதிரி இருக்கீங்க, ஒரே ஒரு தடவை, அவ எடத்துல வைக்கச் சொல்லுங்க."

தங்கச்சியாம். தோமொயேவுக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது. அவள் வெளியூர் போனால் அவள் வீட்டில் அடுப்பே எரியாது. தட்டு வைக்க அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. இருபது வருடமாக அப்படித்தான். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பெரியவரிடமும் சொல்லவில்லை. கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நிஷிவாகி மரத் தொட்டியில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் அந்த மேசைக்கு இத்தனை கிட்டே வந்ததில்லை. நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். தப்பு என்னுடையதுதான், விசாரித்திருக்க வேண்டும் என்றாள்.

"ஆள் இல்லாத எடத்துல நான் வைக்கிறதில்ல. எங்கையை விட்டுப் போனது காத்துக்கிட்டு இருக்காது. அப்படியே கெடந்தா செத்துப்போகும்" என்றார் மாஸ்டர்.

"காத்திருக்க வேண்டாம் மாஸ்டர். நீங்க வைங்க. அவர் ஒரு தடவை கும்பிட்டுக்கட்டும். வச்ச தட்டை எறக்கினா யாராவது சாப்பிட்டுத்தானே ஆகணும், கொட்ட முடியாதே. நான் சாப்பிட்டுடறேன்."

"நீங்களா?"

"நான்தான். நீங்க வச்ச அந்த மூச்சிலேயே."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தை அல்ல, கையை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. விரலில் ஒன்றும் இல்லை.

"சோப்பு?"

"வாசனை இல்லாதது. இந்தக் கடைக்கு வர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

உள்ளே உட்காரப்போகிறவளா அவள், எதற்காக ஒன்பது வருடமாக வாசனையில்லாத சோப்பு என்று வேறொருவர் கேட்டிருப்பார். நிஷிவாகி கேட்கவில்லை. மறுபடி சோற்றைக் கிளறினார். வேண்டாம் என்கிறாரா, சரி என்கிறாரா என்று தெரியாமல் அவள் கால் கடுக்க நின்றாள்.

"அந்தம்மாவுக்கு எந்தக் கை?" என்றார் கடைசியில்.

அவளுக்குப் புரிந்தது. அவர் ஒவ்வொருவருக்கும் எடுக்கும் கைக்கு வாகாகக் கவளத்தைச் சாய்த்து வைப்பவர். வெளியே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "இடது."

கதவோரத்து எட்டாவது இருக்கையில் தோமொயே உட்கார்ந்தாள். ஏழாவதில் இசோகாய். இருவருக்கும் நடுவே மூக்குக்கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள், மறந்துபோய் எழும்பிவிடக் கூடாதென்று.

முதல் கவளம் வந்தது. வெள்ளைக் கணவாய். மற்ற ஏழும் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, இது மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தது. பெரியவர் கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினார். அவர் நிமிரும்போது அது அவள் வாயில் இருந்தது. பழக்கமில்லாத இடது கை. இரண்டாவது கவளத்தில் சோறு கொஞ்சம் உதிர்ந்தது. மாஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மூன்றாவதிலிருந்து அவளுக்கு மட்டும் சற்று இறுக்கிப் பிடித்தார்.

இனிப்பு இறால், குளிர்காலக் கொழுத்த மீன், நண்டு. அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. தவறிவிடக்கூடாது என்ற பயம்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் ஆளை வேறு எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு வந்தது, எங்கே பிசகு என்று பதறினாள். பிறகுதான் தன்னையும் சேர்த்து எண்ணியது தெரிந்தது. கருந்தொண்டை மீன் வந்தபோது அது வெண்ணெயாக உருகவில்லை. தோலை லேசாகச் சுட்டிருந்தார், புகையும் கொழுப்பும் கலந்து கனமாக நாக்கில் உட்கார்ந்தது. ஒன்பது வருடமாக ஊருக்கெல்லாம் தப்பாகச் சொல்லியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. காரமில்லாமல் சாப்பிடுவதும் சுகப்படவில்லை. வசாபி இல்லாத மீன் அவளுக்கு இறங்காது. ஆனால் இது அவளுக்கு வைத்தது இல்லையே.

பெரியவர் நடுநடுவே படத்தின் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னார். இது உனக்குப் பிடிக்கும் என்கிற மாதிரி. தலைமையாசிரியை மூக்கை உறிஞ்சினார்.

பதினெட்டாவதாக முட்டை அடை வந்து முடிந்தது. எல்லாருக்கும் சூடான தேநீர் வைத்தார்கள். இசோகாய் படத்தைத் துணியால் துடைத்து, பெட்டியை மூடினார். டக் என்று ஒரு சத்தம். "வயிறு நெறஞ்சுது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். தோமொயே மூச்சை விட்டாள். இனி துணிப்பைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கழிப்பறைக்குப் போகிறவர்களை அனுப்ப வேண்டும், இரண்டு மணி ரயில். கடை போகவில்லை, அது போதும். எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

நிஷிவாகி கையைக் கழுவிவிட்டு மறுபடி தொட்டியில் கைவிட்டார். ஒரே ஒரு பிடி. வசாபியைச் சுரண்டி விரல் நுனியில் எடுத்து உள்ளே தடவியது அவள் கண்ணில் பட்டது. கருந்தொண்டை மீன். வாளியை நகர்த்துகிறவர் போல எங்கேயோ பார்த்துக்கொண்டு, எட்டாவது இருக்கைக்கு முன்னால் வைத்தார்.

தோமொயேவின் இடது கை பழகியபடி நீண்டது. கவளத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இந்தத் தடவை அது வலது கைக்கு வாகாகச் சாய்ந்திருந்தது.

நீட்டிய கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தொடைக்கடியில் மரத்துப்போயிருந்த வலது கையை வெளியே எடுத்து, ஈரத் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, கவளம் ஆறுவதற்குள் எடுத்தாள்.