பசுவுக்குப் போடும் அளவு

என் மனைவியின் வலது கண்ணிலிருந்து ஒரு புழுவை எடுத்தார்கள். வவுனியாவில் கண் டாக்டர் அதைச் சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார். தையல் நூல் மாதிரி வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது. நாயின் உடம்பில் வாழ்கிற புழுவாம். நாயைக் கடித்த நுளம்பு மனிதரைக் கடிக்கும்போது வந்து சேருமாம். எடுத்தாகிவிட்டது, இனி மருந்துகூடத் தேவையில்லை, பயப்பட வேண்டாம் என்றார். நான் பயப்படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊராருடைய மாடுகளை மேய்த்தேன். பிறகு நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரமாகப் பற்றை வெட்டிக் குடியிருந்தேன். இன்றைக்கு ஒரு பட்டி மாடும் இரண்டு உழவு இயந்திரமும் என்னுடையவை. ஊசி போட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாட்டு வைத்தியர் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் ஒரு மாடு படுத்துவிட்டால் அவருக்கு முன்னால் எனக்குத்தான் ஆள் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மனைவி வீடு திரும்பி ஒரு கிழமை இருக்கும், நாய்ப் புழுவை ஆராய்ச்சி செய்கிறோம் என்று ஒரு மிருக வைத்தியப் பெண் வந்தா. என் பேத்தியின் வயதுதான். எங்கள் ஒழுங்கையில் உள்ள நாய்களின் முன்னங்காலில் இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டுகளில் தடவினா. என்னுடைய நாலு நாய்களிலும் எடுத்தா. ஒழுங்கை முடியும் கடைசி வீட்டு வளவுக்காரியின் ஒற்றை நாயிலும் எடுத்தா.

"இரத்தத்தைப் பாத்திட்டு ரெண்டு கிழமையில வருவன் ஐயா. புழு இருக்கிற நாய்க்கு மருந்து குடுப்பன். ஆபிரிக்காவில ஆத்தங்கரைச் சனத்துக்கு ஒரு ஈ கடிச்சுப் புழு வந்து கண் போறது. அந்தச் சனத்தைக் காப்பாத்தினதும் இதே மருந்துதான்" என்றா.

அவ காட்டிய மருந்துப் போத்தலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். "பிள்ளை, இது என்ர அலுமாரியிலயும் இருக்கு. மாட்டுக்கு உண்ணிக்கும் புழுவுக்கும் நான் போடுறதெல்லோ."

"ஓம் ஐயா, மருந்து ஒண்டுதான். ஆனா நாய்க்கு நிறை பாத்துத் துளிக்கணக்கிலதான் குடுக்கவேணும். நீங்கள் போட்டிடாதேங்கோ."

"நீ பிறக்க முதலே நான் ஊசி பிடிச்சனான்."

அவ போன பிறகு அந்தப் பேச்சு எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. எந்த நாயின் புழு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் நாய்கள் சோறும் இறைச்சியும் தின்று மினுங்குகிறவை. கடைசி வளவு நாய் சொறி பிடித்தது, விலா எலும்பு தெரிவது. அதை வைத்திருந்தவள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். கணவன் கடைசி யுத்தத்தில் செத்துப்போனான், பிள்ளை இல்லை. என் வயலில் கூலிக்கு வருவாள், குடிதண்ணீரும் என் கிணற்றில்தான். அவளுக்கென்று இருந்தது காட்டை ஒட்டி நிலக்கடலை போட்ட கச்சான் தோட்டம் ஒன்றுதான். யானை வாசம் பட்டதும் அந்த நாய் குரைக்கும். அவள் எழும்பித் தகரத்தைத் தட்டுவாள். அப்படித்தான் அந்தத் தோட்டம் மிஞ்சி வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மருந்தோடு போனேன். உழவு இயந்திரம் ஓட்டுபவனையும் நாயைப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் ஐயா. அந்தப் புள்ள ரெண்டு கெழமையில வாறேன்னுதானே சொல்லிச்சு. கச்சான் புடுங்க இன்னும் பத்து நாளுகூட இல்ல. இது படுத்துச்சுன்னா நான் எப்படி ஐயா யானைய வெரட்டுவேன்?"

"என்ர மனுசியின்ர கண்ணை விட உன்ர கச்சான் பெரிசோ?"

அவளுடைய ஆட்களை நாங்கள் இழிவாகச் சொல்லும் சொல் ஒன்று இருக்கிறது. அதையும் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் கையை எடுத்தாள்.

ஒரு புழுவும் மிஞ்சக் கூடாது என்று நினைத்தேன். பெரிய பசுவுக்குப் போடும் அளவை அப்படியே ஏற்றினேன். என்னுடைய நாய்களுக்குப் போடவில்லை.

மறுநாள் காலை அவள் நாயைத் தூக்கிக்கொண்டு என் படலைக்கு வந்தாள். கீழே விட்டாள். அது நாலடி நடந்து படலைக் கட்டையில் போய் முட்டியது, திரும்பி மறுபடியும் அதிலேயே முட்டியது. வாயால் வீணீர் வடிந்தது. கண் விரிந்து கறுப்பாகக் கிடந்தது.

"கண்ணு தெரியல ஐயா."

"புழு சாகேக்க அப்பிடித்தான் இருக்கும். கொண்டு போ."

அது எனக்குத் தெரிந்து சொன்னதல்ல. வாயில் வந்ததைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் விடியப்புறம் யானைகள் வந்தன. நாயால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. அவள் எழும்பி வந்தபோது கச்சான் கொடியெல்லாம் பிடுங்கி உதறிக் கிடந்தது. நாய் அன்று பின்னேரம் செத்தது.

மிருக வைத்தியப் பெண் சொன்ன தவணைக்கு வந்தா. நான் முற்றத்தில் கதிரை போட்டேன். மனைவி குசினி வாசலில் நின்றா. கடைசி வளவுக்காரி கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, உங்கட நாலு நாயிலயும் புழு இருக்கு" என்றா அந்தப் பிள்ளை. "மனுசியின்ர காலுக்குக் கீழ படுத்திருக்கிற இந்தச் செவலையிலதான் கனக்க. ஒழுங்கையில புழு இல்லாதது அந்தக் கடைசி வளவு நாய் ஒண்டுதான். அதுக்கு மட்டும் ஏன் வரேல்லை எண்டு பாக்கவேணும். அது எங்க?"

"யானை மிதிச்சுச் செத்துப்போச்சு" என்றேன்.

அந்தப் பிள்ளை கிணற்றடியைப் பார்த்தா. "அப்பிடியோ அக்கா?"

கப்பிக் கயிறு அவள் கையில் இருந்தது. வாளி பாதியில் தொங்கியது. என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க. யானைதான்" என்றாள். அந்தப் பிள்ளை அதைப் படிவத்தில் எழுதினா. பிறகு செவலையைத் தராசில் ஏற்றி நிறை பார்த்து, சின்னச் சிரிஞ்சில் துளிக்கணக்கில் மருந்தை எடுத்து நாயின் வாய்க்குள் விட்டா.

வாகனம் போன பிறகு மனைவி கதிரையில் வந்து இருந்தா. சுகமான கண்ணால் என்னைப் பார்த்தா. "என்ர கண்ணுக்காக எண்டு இனி ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ" என்றா.

நான் கிணற்றடிக்குப் போனேன். "செவலை குட்டி போட்டா ஒண்டு தாறன்" என்றேன்.

"புழு இல்லாத குட்டியா ஐயா?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. விலை கேட்பது மாதிரிக் கேட்டாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யானைகள் அழித்துப்போட்ட தன் தோட்டத்துப் பக்கம் போனாள்.

அடுத்த போகம் அவள் கச்சான் போடவில்லை. இப்போது என் வயலில் முழு நாளும் கூலிக்கு நிற்கிறாள்.