ஃப்ரீ த்ரோவுக்குக் கடலூர் வாய் திறக்காது

கடலூர் மைதானத்தில் கடற்காற்று பந்தைத் திருப்பிவிடுகிறது என்பது சிதம்பரத்துக்காரர்களின் நிரந்தரப் புகார். கூரை இல்லாத சிமெண்டுத் தரை, காற்று அடிக்கத்தான் செய்யும். ஆனால் பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறுகின்றன, காற்று மாறுவதில்லை. தொல்லை இரண்டு பேருக்கும் சமம். இதை என் மச்சானுக்குப் பல வருடங்களாக விளக்கி வருகிறேன். என் மனைவியின் தம்பியான அவர் சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். இரண்டு ஊர்க் கல்லூரிகளுக்கும் கூடைப்பந்து நடக்கும் அன்று கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்து, கடலூர்க் கூட்டத்தின் நடுவில், என் பக்கத்திலேயே உட்கார்ந்து சிதம்பரத்துக்குக் கத்துவார். அந்தத் துணிச்சலுக்காக அவரை மதிக்கிறேன். கூடைப்பந்து பற்றிய அவர் அறிவுக்காக அல்ல.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஆள் செய்த ஃபவுலுக்காக எதிரணி ஆள் ஃப்ரீ த்ரோ போட, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் தனியாக நின்று கூடையில் எறிய வந்தால், மற்ற ஊர்க்காரர்கள் ஊளையிடுவார்கள், தகரம் தட்டுவார்கள். நாங்கள் மூச்சுக்கூட விடமாட்டோம். மைதானமே செத்த மாதிரி ஆகிவிடும். சத்தத்துக்குப் பழகியவர்களுக்கு அந்த அமைதியில் குறி தப்பும்.

இந்த வழக்கத்தை உண்டாக்கியவன் நான். படித்த காலத்தில் கடலூர்க் கல்லூரி அணியில் நான் மாற்று ஆட்டக்காரன், யாருக்கும் மாற்றாக ஒருநாளும் இறக்கப்படாதவன். ஆகவே யோசிக்க நேரம் இருந்தது. எங்கள் கூச்சல் பொறுக்காமல் கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: எதிரணியினர் ஃப்ரீ த்ரோ போடும்போது பார்வையாளர்கள் எவ்வித ஒலியும் எழுப்பக் கூடாது. பையன்கள் ஆட்டத்தையே புறக்கணிக்கலாம் என்றார்கள். நான் சொன்னேன், “எதுக்கு? உத்தரவ அப்படியே நிறைவேத்துவோம். எவ்வித ஒலியும்னா இருமல்கூடக் கிடையாது.” அன்றைக்குச் சிதம்பரத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் பந்தை வாங்கிக்கொண்டு, ஊரில் ஏதோ அசம்பாவிதம் நடந்துவிட்டதோ என்பது போலச் சுற்றிலும் பார்த்தார். இரண்டு எறிதலும் வெளியே போயின. எங்கள் ஒழுக்கத்தைப் பாராட்டி முதல்வர் மறுநாள் பேசினார். பிறகு கலெக்டர் அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் நான் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான்.

அமைதிக்கு சைகை கொடுப்பவர் என் வகுப்புத் தோழர், அந்த நாளைய அணியில் வளையத்தடியில் நிற்கும் சென்டர், தேவனாம்பட்டினத்து மீனவர் குடும்பம். உட்கார்ந்தாலே மற்றவர்கள் நிற்கும் உயரம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் பிடிப்பார். அவ்வளவுதான். கேட்டுக்குப் பக்கத்தில் வேர்க்கடலை வறுப்பவர்கூடச் சட்டியைத் தட்டுவதை நிறுத்திவிடுவார்.

இப்படிப்பட்டவன் வீட்டில் பிறந்த என் மகள் சிதம்பரம் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். அங்கே கோச் நன்றாகச் சொல்லித்தருகிறார் என்றாள். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து நான்தான் போட்டேன். டீக்கடையில் என்னைப் பார்த்ததும், “ஆபீசரு பொண்ண எதிரி நாட்டுக்குக் கட்டிக்குடுத்துட்டாரு” என்றார்கள்.

இப்போதெல்லாம் பெண்கள் ஆட்டத்துக்குத்தான் கூட்டம். ஆண்கள் அணியைப் பற்றி, இரண்டு ஊரின் மரியாதையையும் கருதி, பேசாமல் விடுகிறேன். முதல் இரண்டு வருடமும் அவள் அணி எங்களிடம் தோற்றது. போன வருடம் நடந்தது அவளுக்குக் கடைசி ஆட்டம். கடலூரை ஒரு தடவையாவது கடலூரிலேயே ஜெயிக்காமல் படிப்பை முடிப்பதில்லை என்று வீட்டில் சபதம் போட்டிருந்தாள். காலையில் கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

“அப்பா, நீங்க எப்பவும் உக்கார்ற எடத்துலயே உக்காருங்க. பொண்ணாச்சேன்னு எங்க பக்கம் வந்தீங்கன்னா எனக்கு அசிங்கம்.”

“நான் எப்ப வர்றேன்னேன்?”

“மூஞ்சில எழுதியிருக்கு.”

அன்று எங்கள் பெண்கள் பிரமாதமாக ஆடினார்கள். அவளைக் காவல் காத்த பெண் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டாள். என் மகள் பந்தைத் தொட்டபோதெல்லாம் எங்கள் கூட்டம் கத்தியது, “யம்மா, உங்கப்பாரு இங்க இருக்காரு, வந்து பந்தக் குடுத்துட்டுப் போ!” மச்சானுக்குத் தாங்கவில்லை.

“மாமா, ரத்த பாசமே கெடையாதா உங்களுக்கு?”

“இருக்கு மச்சான். உள்ள விடமாட்டாங்கன்னு கேட்டாண்ட வச்சிட்டு வந்திருக்கேன்.”

ஆட்டம் முடிய சில நொடிகளே இருந்தன. சிதம்பரம் ஒரு புள்ளி பின்னால். என் மகள் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து எம்பினாள், கையில் அடி விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். எறியும்போது ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ. சரியான தீர்ப்பு, எங்கள் ஊர் நடுவராக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அவள் கோட்டுக்கு வந்து நின்றாள். தோழர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். ஆனால் தூக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அவள் குழந்தையாக இருந்தபோது அதே மைதானத்தில் தன் தோளில் உட்கார வைத்து வளையத்தைத் தொடவிட்டவர் அவர். அவர் பார்த்ததும் அந்த வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது.

மச்சான் என் முழங்கையைப் பிடித்தார். “வேணாம் மாமா. இந்த ஒரு வாட்டி கத்திட்டுப் போவட்டும்.”

ஊளையிட்டால் அவளுக்குச் சுலபம், தெருநாய்க் குரைப்பு மாதிரி அதைத் தள்ளிவிடுவாள். ஆனால் சிதம்பரத்திலிருந்து வந்த எத்தனையோ பேருக்குக் கொடுத்ததை இவளுக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தால், இவளை ஒரு ஆட்டக்காரியாகவே நாங்கள் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். தோழரைப் பார்த்து, தூக்கு என்று தலையை ஆட்டினேன்.

துண்டு மேலே போனது. அதுவரை நான் கேட்ட அமைதிகளிலேயே ஆழமானது அது. கடலைச் சட்டி நின்றது. சாலையில் ஒரு கரும்பு டிராக்டர் மட்டும் இரைந்துகொண்டு போனது. அது நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போவது, எங்கள் கட்டுப்பாட்டில் வராது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவளைச் சிறுபிள்ளையிலிருந்து தெரியும். ஒருவர்கூடக் கனைக்கவில்லை. என் ஊரைப் பற்றி அன்று எனக்கு வந்த கர்வம் சாதாரணமானதல்ல.

முதல் பந்து வளையத்தில் இடித்து, யோசித்து, உள்ளே விழுந்தது. சமம். அவள் பந்தைத் திரும்ப வாங்கித் தரையில் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சில் கேட்டது. இரண்டாவது வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது. வலை அசைந்த சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது.

எங்கள் பெண்கள் ஓடிப்போய் எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. காற்று என்று சொல்லலாம். சொல்லமாட்டேன்.

மச்சான் என் வேட்டியை மிதித்துக்கொண்டு குதித்தார். வியர்த்து ஊற்ற அவள் எங்களிடம் வந்தாள். தோழர் துண்டை உதறிக் காட்டினார்.

“இத்தினி வருசத்துல இதுக்கு மரியாத போனது இன்னிக்குத்தான்மா. பயமே இல்லியா உனக்கு?”

“பெரியப்பா, பன்னெண்டாவது கணக்கு மார்க்கப் பாத்துட்டு எங்கப்பா ஒரு வாரம் பேசாம இருந்தாரு. அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று மச்சான் சொல்லித் திரிகிறார். அவள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க தலையாட்டுனத பாத்தேன்பா. ஆட்டாம இருந்தீங்கன்னா, வீட்டுக்கு வந்து நான் ஒரு வாரம் பேசியிருக்கமாட்டேன்.”

எதிரணி வேன் கிளம்பும்போது கேட்டில் நின்று ‘ஊ’ என்று கூவி அனுப்புவதும் எங்கள் வழக்கம். அவள் அணியோடு வேனில் ஏறினாள். நான் கூட்டத்தில் முன்வரிசைக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மற்றவர்களைவிட ஜாஸ்தியாகவே கூவினேன். அவள் ஜன்னல் வழியாக நாக்கைத் துருத்தினாள். வேன் சிதம்பரம் சாலையில் திரும்பும்வரை நான் நிறுத்தவில்லை.