பரவையில் ஹீட்டர் பார்த்தது

பரவை ஊர் வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, என் பழைய காரில் ஹீட்டர் சரியில்லை என்று மெக்கானிக்கிடம் கத்துகிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"கொடைக்கானல் போறேன்யா. ஒரு நேரம் சூடு வருது, ஒரு நேரம் வரல. ஹீட்டர் மோட்டாரையே மாத்திட்டேன்."

இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறார்.

"ஹீட்டர் நல்லாத்தான்ணே இருக்கு. இன்ஜின் தண்ணி சுத்துனாத்தான் சூடு வரும். ஹோஸ்ல கசிஞ்சு பாதித் தண்ணியக் காணோம். இப்படியே மலையேறுனா இன்ஜினே போயிரும். கடைசியா எப்பப் பாத்தீங்க?"

நான் பார்த்ததே இல்லை.

பின்சீட்டிலிருந்து என் மனைவி சொல்கிறாள்: "போன தடவை குளிருதுன்னேன். ஸ்வெட்டரப் போடுன்னு என்னையத்தான்ணே திட்டுனாரு."

மெக்கானிக் சிரிக்காமல் வாளியை நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போகிறேன்.